இழுவை

1

இந்தக் கதை ஒரு மேட்டில், மூன்றாவது கியரில் பிறந்தது. இரண்டாவதுக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் கதையே இல்லை. பக்கத்து இருக்கையில் என் மனைவி, நான் எழுதிய ஒரு கதையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் படிக்கச் சொல்லியிருந்தேன். கியரை மாற்றினால் எங்கள் பழைய வண்டி போடுகிற உறுமலில் என் வாக்கியங்கள் என் காதில் விழாமல் போய்விடுமே என்று பார்த்தேன்.

வண்டி முக்கியது, இருமியது, நின்றது. பிறகு பின்னால் உருண்டது. பதற்றத்தில் எந்தப் பெடலை மிதித்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் வந்த பேருந்தின் மூக்கில் போய் மெதுவாக இடித்து நின்றோம். பேருந்து ஓட்டுநர் என் பரம்பரையைப் பற்றி நான் அறியாத சில விவரங்களைச் சொன்னார். என் மனைவி தாள்களை மடித்து இருக்கையில் வைத்தாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவள் அவள். மேட்டின் உச்சியில் இருக்கும் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. நான் வண்டியைக் கிளப்பி அவள் பக்கத்திலேயே ஊர்ந்தபடி, ஏறு, தயவுசெய்து ஏறு என்று கெஞ்சினேன். அவள் ஏறவில்லை. பேருந்தின் ஜன்னல்களில் அவளோடு வேலை பார்க்கிறவர்களின் முகங்கள், வரிசையாக, ஏதோ [உவமை வேண்டாம். முகங்கள் போதும்.]

(அவள் அப்போது படித்துக்கொண்டிருந்தது எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்கலாம். காலைச் சாய்த்து நடக்கிற ஒருத்தி படியிறங்கும் பக்கம். நன்றாக வந்திருந்த பக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

2

வேறு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"வயதான வண்டி அது, மேடு என்றாலே அதற்கு—"

பொய். மறுநாள் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய், அதே மேட்டில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பார்த்தேன். அலட்டிக்கொள்ளாமல் ஏறியது.

"இரண்டு பேர் பாரத்தை இழுக்க முடியாததால் என் மனைவி இறங்க வேண்டி—"

இதுவும் பொய். ஆனால் இதைத்தான் அன்று சாயங்காலம் மைத்துனனிடம் சொன்னேன். அக்காவை எதற்கு நடக்கவிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தான். வண்டியில் இழுவை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் எதிரில்தான் உட்கார்ந்து முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மைத்துனன் சைலன்சரை மாற்றித் தெருவையே எழுப்புகிறவன். அவனுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரு உதிரிபாகம் உண்டு.

"டர்போ போட்டுடலாம் மாமா. அப்புறம் பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகும்."

அப்போதே வேண்டாம் என்றிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பானே. தலையை ஆட்டிவைத்தேன்.

(இழுவை என்பது விநோதமான சொல். பட்டறையில் 'நல்ல இழுவை' என்றால் பாராட்டு. பத்திரிகை அலுவலகத்தில் கதையைப் பார்த்து அதையே சொன்னால் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று பொருள். வண்டியில் இல்லாத இழுவையெல்லாம் என் கதைகளில் இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் இப்போது நண்பர் இல்லை.)

3

மெக்கானிக் விளக்கினார். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை எப்படியும் வீணாகத்தான் போகிறது. அதன் வேகத்தை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை அடைக்கிறோம். அவ்வளவுதான் டர்போ.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தொழிலும் இதுதானே? வீட்டில் யாரோ ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். வீணாகத்தானே போகிறது என்று அதைப் பிடித்துக் கதைக்குள் அடைக்கிறேன். வண்டி ஓடுகிறது. கைதட்டல் எனக்கு.

[இந்தப் பத்தி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. யோசிக்க வேண்டும்.]

"சரி, போடலாமா?" என்றேன்.

"தாராளமா போடலாம் சார்."

"இந்தப் பழைய எஞ்சின் தாங்குமா?"

"தாங்கிட்டா பிரச்சினையே இல்ல சார்."

"தாங்கலேன்னா?"

"அதான் சார் பிரச்சினை."

பிஸ்டன் போய்விடும். வண்டி பட்டறையிலேயே கிடக்கும். அத்தனை நாளும் அவள் பேருந்துக் கூட்டத்தில் நின்றுகொண்டே மேட்டுக்குப் போய்வர வேண்டும், அந்தக் காலோடு. ஆக, போட்டால் அவள் வேலைக்கே ஆபத்து. போடாவிட்டால் வண்டியில் குறை இல்லை என்று நான் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சுலபமான கணக்கில் ஒரு மனிதன் எதற்குத் தயங்குகிறான் என்று நீங்கள் கேட்டால், அந்த மனிதனை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அவளிடமே கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமானவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அது அனுமதி அல்ல.

4

பாத்திரங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மெக்கானிக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே வேடிக்கை மனிதராக்கிவிட்டேன். மைத்துனன் சைலன்சருக்கு வெளியேயும் வாழ்கிறான். மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலோ பேனா தானாக முட்டிக்குப் போய்விடுகிறது. அவளுக்கு நல்ல குரல் உண்டு, கோபம் உண்டு, குழந்தைக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிற கை உண்டு. ஆனாலும்—

முடிவுகள்:

அ) டர்போ போட்டாயிற்று. மேட்டில் வண்டி சீறுகிறது. அவள் கலகலவென்று சிரிக்கிறாள். (அவள் அப்படிச் சிரிக்கிறவளே இல்லை.)

ஆ) எஞ்சின் வெடிக்கிறது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறேன். (காய்கறிப் பையோடு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.)

இ) உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள்

5

மூன்றாவதை எழுத வரவில்லை. அதனால் எழுதியவரைக்கும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பட்டறை வாசலில், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வேலையைத் தொடங்கலாமா என்று மெக்கானிக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் கையைத் துடைத்தபடி எட்டி எட்டிப் பார்த்தார். அவள் இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். பேருந்து ஓட்டுநர் வந்த இடத்தில் உதடு லேசாக அசைந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை. கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடலாமா வேண்டாமா, நீயே சொல்லிவிடு என்றேன்.

ஊசி குத்தும்போது 'வலிக்காது' என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. அவள் சொன்னதை ஒரு சொல்கூட மெருகேற்றாமல் இங்கே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"டர்போவெல்லாம் வேணாம். வண்டி நல்லாத்தான் இழுக்குது. கியர் மாத்தலேன்னு எனக்கு அப்பவே தெரியும், நானும் இந்த வண்டிய ஓட்டினவதானே."

"அப்புறம் ஏன் இறங்கி நடந்தே?"

"வண்டி நின்னுபோச்சேன்னு நான் இறங்கல. ஓடிட்டிருக்கும்போதே இறங்கிடணும்னு இருந்துச்சு. நின்னது வசதியாப் போச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கதையில அந்தப் பொம்பள படியிறங்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, யாராவது பாக்குறாங்களான்னு திரும்பிப் பாக்குறா. நம்ம வீட்டுப் படியில நானும் அப்படித்தான் பாத்தேன். யாரும் இல்லைன்னு நெனச்சேன். நீங்க மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. இறங்கி வந்து ஒரு கை பிடிக்கல. உள்ள போயி எழுதியிருக்கீங்க."