இரண்டாவது கம்ப்யூட்டர்

போடிநாயக்கனூரில் அந்த ஏலக்காய் ஏலக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம் 1988. வந்தது ஒன்றல்ல, இரண்டு. யாருடைய மூட்டை, என்ன எடை, என்ன தரம் எல்லாம் முதல் கம்ப்யூட்டரில் ஏறும். ஏற ஏற, கேபிள் வழியாக இரண்டாவதிலும் அப்படியே பதியும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது உடனே வேலையைத் தொடர வேண்டும். அதற்குத்தான் இரண்டு.

முதலாவதைப் பார்த்துக்கொண்டவன் தவசி. குமாஸ்தாவாக இருந்து, மதுரைக்குப் போய்ப் படித்து வந்தவன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் அவன் நுழைவதைக் கம்பெனியே வேடிக்கை பார்க்கும். இரண்டாவதைக் கவனிக்கச் சந்திரவல்லி வந்ததும் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. பக்கத்து மலையடிவார ஊரான குரங்கணியிலிருந்து வந்த பெண், அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"புள்ள வெரசாப் பிடிச்சுக்கிருச்சே தவசி" என்றார் மேனேஜர் பிச்சைமணி. அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தவசிக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் அவளிடமும் இருந்தால் நான் எதற்கு என்று புழுங்கினான். அவள் லீவில் ஊருக்குப் போன அன்று, கேபிளை லேசாக உருவிவிட்டான். 'இவள் மிஷினில் ஒன்றுமே ஏறவில்லை சார்' என்று மேனேஜரிடம் காட்டி மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். படித்தவன் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

ஏலத்தன்று காலை. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்த விவசாயிகள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சந்திரவல்லி லீவு முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தாள். கரண்ட் போய், படாரென்று வந்தது. தவசியின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இரண்டாவதிலோ அவள் லீவில் போனதிலிருந்து ஒரு மூட்டைகூட ஏறவில்லை. ஏலம் நின்றது.

மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். "அது நின்னா இது ஓடணும். அதுதானே ஒன் சோலி? நாளையிலருந்து நீ வரவேணாம்."

அவள் செருப்பை மாட்ட வாசலுக்குத் திரும்பினாள். தவசி ஆசைப்பட்டதற்கு மேலேயே நடந்துவிட்டது. அவனுக்குத்தான் அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"சார், கேபிள உருவுனது நான்தான். பொறாம சார். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீக."

பிச்சைமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ கெளம்பு" என்றார்.

அறையில் ஒருவரும் அவனுக்காகப் பேசவில்லை. சந்திரவல்லிதான் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, நான் ஒங்க எடத்தப் பறிக்க வரல. நீங்க முடியாம நின்னா, ஒங்க வேலையத் தாங்கத்தான் வந்தேன். கூட நிக்கிறவள நீங்களே தள்ளிவிட்டீக. இப்ப நீங்க விழுகையில பிடிக்க யாரு இருக்கா?"