பாலத்துக் குதிரைவீரன்

படம் வெளிவந்த நான்காம் ஆண்டில், அதில் பாலத்திலிருந்து குதிரையோடு ஆற்றில் விழுந்து சாகும் வீரனுக்கு நரை விழத் தொடங்கியது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளவரசன் இளவரசனாகவே இருந்தான். கோட்டை இடைவேளைக்குப் பிறகு எப்போதும்போல் எரிந்தது.

ஊரே படித்த பழைய சரித்திர நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். அந்த வீரனாக நடித்தவர் ஒரு ஸ்டன்ட்காரர். காட்சியை எடுத்த அன்று நிஜமாகவே ஆற்றோடு போனார். குதிரை கரையேறியது, அவர் ஏறவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். உடல் கிடைக்காததால், இறப்பைப் பதிய அவர் மனைவி சம்மதிக்கவில்லை. அந்தப் படத்தின் முந்நூறு வீரர்களுக்கும் சட்டை தைத்த தையல்காரி அவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. காட்சி நன்றாக வந்திருந்ததால் இயக்குநர் அதைப் படத்தில் அப்படியே வைத்துக்கொண்டார்.

அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. தியேட்டர் ஆபரேட்டர்தான் வீடு தேடி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்: “அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணனுக்குத் தலை நரைக்குது.”

மகளைத் தூக்கிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனாள். அவர் வருவது பதினொரு நொடி. நரை உண்மைதான், அவள் தைத்த சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. “இவருக்கு யாரு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுறாங்கன்னு தெரியலையே” என்று சிரித்தவள், அவர் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படக்கம்பெனி பிரிண்டில் கோளாறு என்றது. புதுப் பிரிண்டிலும் அவர் நரைத்தே இருந்தார். நாவலில் அந்த வீரனுக்கு இருபத்திரண்டு வயது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். பிறகு அவர்களும் ஓய்ந்தார்கள். மகள் பள்ளி முடித்து வேலைக்குப் போனாள். வியாழக்கிழமைதோறும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். அவருக்கு முதுகு வளைந்தது, சேணத்தில் உட்காரவே சிரமப்பட்டார். ஆனாலும் விழுந்தார்.

முப்பதாம் ஆண்டில், ஒரே ஒரு பிரிண்ட் மிஞ்சியிருந்தபோது, அவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

“ஐயா, ஒரு நாளைக்கு மூணு தடவ விழுறாரு. இந்த வயசுல. விழுற இடத்த மட்டும் வெட்டிடச் சொல்லுங்க.”

“வெட்டினா அவரு பாலத்தத் தாண்டிப் போயிடுவாரும்மா. அப்புறம் நீ அவரைப் பாக்கவே முடியாது.”

“போகட்டுங்கய்யா.”

“அன்னைக்கே வெட்டியிருக்கணும்” என்று இயக்குநர் அழுதார். அவள் இல்லையென்று சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை அவர் விழவில்லை. பாலத்தைக் கடந்தார். மெல்ல இறங்கி, குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, திரையின் வலது ஓரமாக நடந்து போனார். திரும்பிப் பார்ப்பார் என்று மகள் எழுந்து நின்றாள். அவர் பார்க்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் அவளை உட்காரச் சொல்லவும் இல்லை. மாலைக் காட்சியில் பாலம் காலியாக இருந்தது.

திங்களன்று தையல்காரி பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

“எப்ப இறந்தாரும்மா?” என்று எழுத்தர் கேட்டார்.

“போன வியாழக்கிழமை. மதியக் காட்சில.”

எழுத்தரும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான். தேதியை எழுதினார். நேரம் என்ற இடத்தில் பிற்பகல் மூன்றரை என்று குறித்துவிட்டு, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.