ஒற்றை விரலும் மூன்று டன் கண்ணாடியும்

1.

நான் கதை எழுத உட்காரவில்லை. பெத்தவலசா கலங்கரை விளக்கத்தின் வாசலில் மாட்டும் பலகைக்கு வரலாறு எழுதித் தரும்படி ஊர்ப் பள்ளி வாத்தியாரான என்னிடம் சொன்னார்கள். 'கட்டியது 1901. உயரம் தொண்ணூறு அடி. கடைசியாக எரிந்தது

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அதற்குள் பைடிதல்லி உள்ளே வந்துவிட்டாள்.

2.

படகு எஞ்சின் பழுதுபார்ப்பவள். (முதலில் அவளை விதவையாக்கி எழுதினேன். படித்துக் காட்டியதும், "எம் புருஷன் வீட்ல கூழு குடிச்சிக்கிட்டு இருக்கான். அவனை எதுக்குக் கொல்றீங்க மாஸ்டாரு?" என்றாள். அடித்துவிட்டேன்.)

பக்கத்தில் புது விளக்கோடு இரும்புக் கோபுரம் வந்து, பழைய விளக்கு அணைந்து பதினோரு வருடம். உச்சியில், அதைச் சுற்றிச் சுழன்று ஒளியைக் கடலுக்கு வீசிய கண்ணாடிக்கூடு மட்டும் இருக்கிறது. ஆளைவிட உயரம், முந்நூற்றுச் சொச்சம் பட்டைகள். ஞாயிறுதோறும் படியேறி அவள்தான் துடைக்கிறாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

3.

கூட்டைக் கழற்றி நகரத்துக் கிடங்குக்கு அனுப்பும் உத்தரவோடு அதிகாரி கவர்ராஜு வந்தார். கழற்றினால் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் பழைய மக்குப் பூச்சு உதிர்ந்துவிடும். மறுபடி சேர்க்க ஆளில்லை.

'கவர்ராஜு ஈவிரக்கமற்றவர்' என்று தொடங்கினேன். பொய். உள்ளே நுழையுமுன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்த மனிதர் அவர். சுற்றும் பாகமெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், இங்கே கிடந்து யாருக்கு லாபம் என்று நியாயமாகத்தான் கேட்டார்.

பைடிதல்லி எங்கள் இருவரையும் உச்சிக்கு அழைத்துப்போனாள்.

"ஒத்த வெரலால தள்ளிப் பாருங்க பாபு."

கூடு மூன்று டன். அவர் சிரித்தார். ஆனாலும் சுட்டுவிரலை வைத்தார்.

நகர்ந்தது.

[இங்கே ஆறு உவமைகள் எழுதி, ஆறையும் அடித்தேன்.]

கூடு பாதரசத் தொட்டியில் மிதக்கிறது. பாதரசம் குறையாமல் இத்தனை வருடம் அவள் மூடிப் பாதுகாத்திருக்கிறாள். காரணம் தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தமே இல்லை. காலை வெயில் பட்டைகளில் உடைந்து சுவரிலும் அவர் வெள்ளைச் சட்டையிலும் வண்ணங்களாக ஓடியது. விரலை எடுத்த பிறகும் கூடு சுற்றியது.

தன் விரல் நுனியைப் பார்த்தபடி கேட்டார். "இதை யாரும்மா செஞ்சது?"

"பேரு போடாமப் போயிட்டாங்க பாபு."

4.

உத்தரவின் பின்பக்கத்தில், 'கழற்றக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடம் ஒப்புக்கொண்டதா? ஒப்புக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். லாரி வந்ததாக இன்னொன்று. பதில் இன்னும் வரவில்லை என்பதே உண்மை.

ஆகவே மூவரையும் உச்சியிலேயே விட்டுவிடுகிறேன். கூடு சுற்றிக்கொண்டிருக்கிறது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால், ஒற்றை விரல் போதும்.