கிராம் சார் வீட்டு மோடம்

கடைத்தெருவில் அவருக்குக் கிராம் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டர். இருபத்திரண்டு வருடங்களாகக் கடை கடையாக ஏறி இறங்கி, தராசில் சோதனைக் கல்லை வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பதே அவர் வேலை. ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம் குறைந்தாலும் போதும், பையிலிருந்து சிவப்புச் சீட்டு வெளியே வந்துவிடும். 'இதைப் பயன்படுத்தக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அந்தச் சீட்டைத் தராசின் நெற்றியில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவார்.

அவர் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. அங்கே தராசைச் சோதிக்கப் போன இடத்தில்தான் பழக்கமாகிக் கல்யாணம் வரைக்கும் வந்தது. "தராசு சரியா இருக்குன்னு அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டார். என்னைப் பத்தித்தான் இன்னும் ஒண்ணும் எழுதித் தரலை" என்று அந்த அம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுண்டு.

மனைவியின் தங்கை அதே கட்டடத்தில் நேர் கீழ் வீடு. சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் பேசுவதை அவள் தன் வீட்டிலிருந்தபடியே லேப்டாப் திரையில் கைகளால் சொல்லுவாள். அவர்கள் கைகளால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்லுவாள். சைகை பேசுகிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு சைகைப் பெயர் வைப்பது வழக்கம். தன் அக்காள் கணவருக்கு அவள் வைத்தது, இரண்டு உள்ளங்கைகளையும் தட்டுகள் மாதிரி ஒரே மட்டத்தில் ஏந்திக் காட்டுவது. அந்தப் பெயரில் கிராம் சாருக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது.

கட்டடத்தில் எட்டு வீடுகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்கு ஒரே லைன் வந்து, அங்கிருந்து எட்டாகப் பிரிந்து போனது. வீட்டுக்கு நாற்பது எம்பி வேகம் என்று விளம்பரம். கிராம் சார் சும்மா இருப்பாரா? முதல் நாளே அளந்தார். முப்பத்தொன்று. காலையில் அளந்தார், மாலையில் அளந்தார், நோட்டுப் போட்டு ஒரு மாதம் அளந்தார். முப்பத்தொன்று, முப்பது, முப்பத்திரண்டு. கம்பெனிக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினார். இரண்டு வரியில் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் 'நாற்பது வரை' என்றுதான் இருக்கிறதாம், கவனிக்கவும் என்று.

"வரையாம், வரை!" என்று வீட்டுக் கூரை பிய்கிற மாதிரி கத்தினார். "மளிகைக் கடைக்காரன் 'ஒரு கிலோ வரை சர்க்கரை'ன்னு போர்டு வெச்சா நான் விட்டுடுவேனா?"

"முப்பத்தொண்ணுல உங்களுக்கு எது நின்னு போச்சு?" என்று கேட்டாள் மனைவி.

நின்று போனது ஒன்றுமில்லை. வாரத்துக்கு நாலு மின்னஞ்சல், தினம் ஒரு செய்தித்தாள், எப்போதாவது ஒரு படம். ஆனாலும் ஒன்பது எம்பி குறைகிறதே என்ற நினைப்பு அவரைத் தூங்கவிடவில்லை. சொந்த வீட்டிலேயே ஒருவன் அளவு குறைத்துக் கொடுக்கிறான், தான் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

கடைசியில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் வாய்விட்டுப் புலம்பினார். அவர் அடுத்த நாளே லேப்டாப்போடு வந்து இறங்கிவிட்டார்.

"மோடத்துக்குள்ளதான் சார் கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வெச்சிருக்கான். அதுக்கு ஒரு ஃபைல் இருக்கு. ஏத்திட்டா பூட்டு காணாம போயிடும்."

"இது தப்பில்லையாய்யா?"

"எல்லாரும் பண்றதுதான் சார்."

இருபத்திரண்டு வருடங்களில் கிராம் சார் ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம் அது. சாமான் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்த கடைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் மேல் அறிக்கையில் இரண்டு வரி கூடுதலாகவே எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஏனோ அது அவர் காதில் நியாயமாக விழுந்தது. "நாற்பது வந்தா போதும். அதுக்கு மேல எனக்கு வேண்டாம்" என்றார்.

மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "யாரோ முன்பின் தெரியாதவன் எழுதின ஃபைலை வீட்டுக்குள்ள விடறீங்க. பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அந்த வழியாத்தானே போகுது? அவன் ஒளிஞ்சிருந்து பார்க்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் ரிப்பேர் கடைக்காரர். ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பதை யாரும் கேட்கவில்லை.

ஃபைல் ஏறியது. மோடம் இரண்டு தடவை கண் சிமிட்டியது. கிராம் சார் அளந்தார். நூற்று எண்பத்தாறு.

நாற்பது போதும் என்று சொன்ன மனிதர் நூற்று எண்பத்தாறைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைத் திரும்ப நாற்பதுக்கு இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வருமா யாருக்காவது?

வேகம் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அதே நாலு மின்னஞ்சல், அதே செய்தித்தாள். எனவே, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்: அளந்தார். கையால் அளப்பது போதாதென்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே வேகத்தை அளந்து திரையில் கோடு போடுகிற ஒரு புரோகிராமையும் கம்ப்யூட்டரில் போட்டு ஓடவிட்டார். அளக்கிற அந்த அரை நிமிடம் லைனை அடியோடு உறிஞ்சினால்தானே முழு வேகம் தெரியும்? அது உறிஞ்சியது. வேலை விட்டு வந்ததும் காபியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்கு முன்னால் உட்காருவார். கோடு நூற்று எண்பதுக்கு மேலேயே நிமிர்ந்து போகும். பிள்ளை முதல் மார்க் வாங்கி வந்த மாதிரி ஒரு நிறைவு அவர் முகத்தில்.

மூன்றாவது சனிக்கிழமை காலை, மைத்துனி மேலே ஏறி வந்தாள்.

"மாமா, உங்க நோட்டை எடுத்துக்கிட்டு கொஞ்சம் கீழ வாங்க. என் நெட் உறைஞ்சு உறைஞ்சு நிக்குது."

அவள் கண்கள் சிவந்திருந்தன. வேலை அறையில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். குரல் விட்டுவிட்டு வந்தாலும் ஆட்கள் சமாளித்துக்கொள்வார்கள். சைகையில் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். போன வாரம் ஒரு டாக்டர், வயதான அம்மாள் ஒருத்தியிடம், இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

"வெறும் வயிறு, மாத்திரை வரைக்கும் கை காட்டிட்டேன் மாமா. கூடாதுன்னு நான் தலையாட்டறதுக்குள்ள படம் நின்னுடுச்சு. அந்தம்மா சரின்னு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, வாசல் வரைக்கும் போனவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

கிராம் சார் நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல ரெண்டு எச்சரிக்கை வந்தாச்சு. மூணாவது வந்தா மொழிபெயர்ப்பாளர் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. நான்தான் வீட்டு லைனைச் சரியா வெச்சுக்கலையாம். நீங்க அளந்து, தப்பு என் மேல இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க மாமா. முத்திரையெல்லாம் வேண்டாம். பொய் அளவுக்கு நீங்க கையெழுத்து போட மாட்டீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். பதினோரு மணிக்கு ஒரு ஆபரேஷன் கேஸ் இருக்கு. அதுக்கு முன்னாடி அனுப்பணும்."

கிராம் சாருக்கு ரத்தம் கொதித்தது. கம்பெனிக்காரனை இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று வெள்ளைத் தாளை எடுத்து, அளவுக்கு முன்பே தீர்ப்பை எழுதினார்: 'காரணம்: நிறுவனத்தின் லைனில் உள்ள குறைபாடு.' அதற்குக் கீழே கட்டம் போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்க ஆரம்பித்தார்.

பத்து மணி ஒரு நிமிடம், இருபத்தொன்பது. இரண்டு, முப்பது. மூன்று, முப்பது. நான்கு, இருபத்தொன்பது. ஐந்து, இரண்டு.

"பார்த்தீங்களா!" என்றாள் மைத்துனி.

ஆறில் மறுபடி முப்பது. பத்தில் இரண்டு. பதினைந்தில் இரண்டு.

"கடிகாரம் மாதிரி வருது மாமா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. எந்தக் கம்பெனி லைன் இவ்வளவு ஒழுங்கா கெட்டுப்போகும்?"

பேனா தாளில் நின்றது. கிராம் சார் மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரைக்கு மேலேதான் அவருடைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு கோடு நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. எட்டு வீட்டுத் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்றால், அதில் மோட்டார் போட்டு உறிஞ்சியவன் யார் என்பதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர் தேவையில்லை.

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று மனசு சொன்னது. தீர்ப்பு எழுதியாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டுக் கொடுத்துவிட்டு, மேலே போய்ச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டால் லைன் சரியாகிவிடும். இவள் வேலையும் நிலைக்கும். பழி கம்பெனி மேல் போகும். ஒன்பது எம்பி குறைத்தவன்தானே, சுமக்கட்டும்! நாலு நிமிடம் இந்த நியாயத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார். பத்து இருபதுக்கு மறுபடி இரண்டு விழுந்தது. சோதனைக்காகத் தன் போனுக்கே போட்டிருந்த வீடியோ காலில் மைத்துனியின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது.

"வேற தாள் கொடும்மா."

"அதுலயே அடிச்சு எழுதலாமே?"

"அளவு அறிக்கையில அடிச்சுத் திருத்தக் கூடாது."

புதுத் தாளில் எண்களை வரிசையாக எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'மேல் வீட்டில் மோடத்தின் வேகக் கட்டுப்பாட்டை முறைகேடாக நீக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முழு லைனையும் இழுத்தது. செய்தவர், கீழே கையெழுத்திட்டிருப்பவர்' என்று எழுதி, கையெழுத்தைப் போட்டு, பதவியையும் எழுதினார். எழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக விழுந்தது.

மைத்துனி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"நீங்களா மாமா?"

"நான்தான்."

"அந்த மாத்திரை அம்மா..."

"தெரியும்மா." அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அந்தம்மாவைக் கூப்பிடாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

அவளுக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. "இதை நான் அனுப்பினா ஆபீஸ்காரங்க கம்பெனிக்கு அனுப்புவாங்க. கம்பெனி உங்க துறைக்கு எழுதும். உங்க வேலை என்ன ஆகும்?"

"அளவு குறைச்ச ஒவ்வொரு கடைக்காரனும் என்கிட்ட இதைத்தான் கேட்பான். அனுப்பு."

மேலே போனார். புரோகிராமை நிறுத்தி, மோடத்தின் வயரைப் பிடுங்கினார். அதோடு மனசு ஆறவில்லை. பையைத் திறந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து, மோடத்தின் நெற்றியில் அழுத்தி ஒட்டினார். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சீட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"உங்களுக்கும் ஒரு நெத்தி இருக்கே. கொஞ்சம் குனிங்க."

பதினோரு மணிக்குக் கீழ் வீட்டில், கதவோரமாக ஒரு நாற்காலியில் கிராம் சார் உட்கார்ந்திருந்தார். அவள்தான் உட்காரச் சொன்னாள். திரையில் ஒரு இளம் பெண்ணும் ஒரு டாக்டரும். நாற்பது நிமிடம் மைத்துனியின் கைகள் பேசின. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன. ஒரு தடவைகூட அந்தரத்தில் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்த வேலையை அவர் ஒரு நாளும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

திரையை மூடிவிட்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி அவர் பெயரைக் காட்டினாள். ஒரு கை முழங்கால் வரைக்கும் தொங்கியது. அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அறிக்கை போகவேண்டிய இடமெல்லாம் போனது. அவளுக்கு வந்த இரண்டு எச்சரிக்கைகளும் ரத்தாயின. கம்பெனி அவருடைய மோடத்தை எடுத்துக்கொண்டு போய், ஆறு மாதத்துக்கு லைனை வெட்டியது. துறையில் விளக்கம் கேட்டு, வர வேண்டிய பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். எப்படியோ கடைத்தெருவுக்கும் சேதி போய்விட்டது. தராசில் சோதனைக் கல்லை வைக்கும்போது மளிகைக் கடைக்காரர், "வீட்டுல மோடமெல்லாம் சௌக்கியமா சார்?" என்று விசாரித்தார். கிராம் சார் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீட்டு ஒட்டியாச்சுய்யா. உன் தராசைக் காட்டு" என்றார்.

அந்த ஆறு மாதமும் மின்னஞ்சல் பார்க்கக் கீழ் வீட்டுக்குத்தான் போனார். மைத்துனி சமையலறைக் கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்தான் மாமா" என்பாள். நாலரையில் எழுந்துவிடுவார்.

லைன் திரும்ப வந்த அன்று, புது மோடத்தை ஒரே ஒரு தடவை அளந்தார். முப்பத்தொன்று. நோட்டில் எழுதினார், நோட்டை மூடினார், மனைவியும் மைத்துனியும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வார்த்தை பேசாமல் காபியை எடுத்துக் குடித்தார்.

மைத்துனி இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒரு கை முன்பு மாதிரியே தொங்கியது. பிறகு மெல்ல மெல்ல மேலே வந்து மற்றதன் பக்கத்தில் நின்றது. கிராம் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளும் சரியாக ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.