அமைச்சர் வயலுக்கு ஆள் வரவில்லை

விடிந்ததும் இரண்டு அண்டாச் சோறு வடித்து, அரிசியில் புளிக்கவைத்த ஹண்டியாக் கள்ளுப் பானையையும் எடுத்து வைத்துவிட்டு, அமைச்சர் எத்வா முண்டாவின் மனைவி சுக்மணி வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரை பறிக்கத்தான் போனேன். கண்ணை மூடிக்கொண்டா கீரை பறிக்க முடியும்?

எங்கள் ஊர் சோசோடோலியில் நடவுக்குக் கூலி கிடையாது. மதைத் உண்டு. ஒரு வீட்டு வயலில் ஊரே இறங்கும். அந்த வீட்டார் சோறும் ஹண்டியாவும் தருவார்கள். பிறகு மற்றவர் வயலில் அவர்களும் இறங்குவார்கள். அமைச்சர் வீட்டுக்கு இதில் முதல் பாதிதான் பழக்கம். இந்த முறை சோறு ஆறியும் ஒருவரும் வரவில்லை. நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும்.

செய்தி ராஞ்சிக்குப் போன வேகத்தில் எத்வா வந்து இறங்கினார். விதை தராத அலுவலகத்தின் முன் ஒரு காலத்தில் எங்களோடு வெயிலில் உட்கார்ந்து கத்தியவர். அந்தக் குரலுக்காகத்தான் மூன்று முறை ஓட்டுப் போட்டோம். முதலில் வேளாண் துறை, பிறகு பழங்குடியினர் நலமும் சேர்ந்தது. துறை கூடக் கூட வயிறும் காரும் பெருத்தன. ஆண்டுக்கு ஒருமுறை யார் வயலிலாவது நாற்றைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார். கால் நனையும், சட்டை நனையாது.

"எவன்டா தூண்டிவிட்டது? எதிர்க்கட்சிக்காரனா?"

"அவன் எதுக்கு? நீங்களே போதும்," என்றாள் சுக்மணி. "ஜவ்னி அத்தைகிட்ட போய்க் கேளுங்க. அவங்க வரலைன்னுதான் யாரும் வரல."

ஜவ்னி புருஷனை இழந்தவள். நடவுப் பெண்களுக்குத் தலைவி. எத்வா போனபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உப்பு கேட்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

"என்ன அத்தை, வேளாண் மந்திரி வயலே தரிசுன்னு பேப்பர்ல வந்தா என் மானம் என்னாகும்?"

"என் வயலு போன வருஷமே தரிசுப்பா. அது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?"

எத்வா விழித்தார். "ஏன் தரிசு?"

"உழ ஆளில்ல. பொம்பள ஏரைத் தொட்டா மழை வராதுன்னு ஆம்பளைங்கதானே சொல்லி வச்சிருக்கீங்க? பசங்கல்லாம் செங்கச்சூளைக்குப் போயிட்டானுங்க."

"பத்து டிராக்டர் குடுத்தேனே!"

"குடுத்த. உன் கட்சிக்காரன் முத்தத்துல நிக்குது. அதுல கோழி அடையுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்வா என்னை முறைத்தார். "போர்வை, விதை, வீடு... இந்த ஊருக்கு எவ்ளோ குடுத்திருக்கேன் அத்தை?"

"அது சர்க்கார் குடுத்தது. உன் வயல்ல குனிஞ்சது எங்க இடுப்பு. நீ யாருக்காவது ஒரு நாள் திருப்பிக் குனிஞ்சியா?"

எத்வா திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை ஜவ்னியின் வயலில் அவர் ஏர் பிடித்து நின்றதைப் பார்த்து நான் கீரையை மறந்தேன். உதவியாளன் கைபேசியை உயர்த்தினான். "உள்ள வைடா அதை!" என்று எத்வா ஓர் அதட்டல் போட்டார். முதல் சால் பாம்பு போல நெளிந்தது.

"மந்திரி மாட்டை ஓட்டுறாரா, மாடு மந்திரிய ஓட்டுதா?" என்று கேட்டு வைத்தேன். ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சேறு குழையும்வரை ஏரை விடவில்லை.

தன் வயலில் நடவு முடிந்ததும் ஜவ்னி தன் கூட்டத்தோடு எத்வாவின் வயலில் இறங்கினாள். நாற்று முற்றிவிட்டதால் விளைச்சல் பாதிதான் தேறும். அது அவருக்கும் தெரியும். வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடும்போது மெல்லச் சொன்னார்:

"இத்தனை வருஷம் நான் குடுக்கறவன்னு நெனச்சேன் அத்தை. வாங்கிக்கிட்டே இருந்தவன் நான்தான். சனங்ககிட்ட வாங்குனதைத் திருப்பிச் செய்யாதவன், அவங்க பேரைச் சொல்லிப் பதவியில உட்காரக் கூடாது."

"நல்லாத்தான் பேசுற," என்றாள் ஜவ்னி, இலையை மடித்தபடி. "நாளைக்கு வெள்ளனவே வந்துடு. சோம்ரியும் என்னை மாதிரி தனியாளுதான். அவ வயலையும் உழணும்."