ப்ராமருக்கு ஒரு கேள்வி

…ஆனால் குறி இருக்கிறதே, குறி என்று ஒன்று இருந்தால் அது காட்டுகிற குறிப்பும் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும் என்று ஜுவைரியா ஃபைலை மறுபடி மேலிருந்து உருட்டினாள், வரிகள் பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் மாதிரி அவசரமில்லாமல் நகர்ந்தன, கடைசியில் அதே சிவப்பு வரி, சுட்டப்பட்ட அடிக்குறிப்பு இந்த ஃபைலில் இல்லை. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் அச்சான பக்கங்களை எக்ஸ்எம்எல் என்கிற கம்ப்யூட்டர் வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதுதான் புதுவாயல் கூட்டுரோட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த ஆபீசின் வேலை. மாற்றியதைப் பார்சர் என்கிற சாஃப்ட்வேர் சரிபார்க்கும், அதற்கு விஷயம் புரியாது, ஒழுங்கு மட்டும் புரியும், பகுதியின் தலையில் திறந்த டேக் வாலில் மூடியிருக்கிறதா, குறிக்குக் குறிப்பு உண்டா… மற்ற பிழைகளை வரிசையாகத் தீர்த்தாயிற்று, மூடாத பத்தி, இடம் மாறிய அட்டவணை, இது ஒன்றுதான் நிற்கிறது. நண்டுகளைப் பற்றிய கட்டுரை, எழுதியவர் ப்ராமர், பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போல ஒரு சின்னக் குறி. இந்தப் பத்திரிகையில் அந்தக் குறி இருந்தால் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் இவர் காலமானார் என்று, சில சமயம் இவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார் என்று. ஸ்கேன் செய்தவர்கள் அடி ஓரத்தை வெட்டிவிட்டார்கள். இறந்தாரா, இடம் மாறினாரா, எந்த வரியை எழுதுவது?

இன்னாம்மா, காலைலேர்ந்து அந்த ஒரு நண்டையே புட்சிகினு கீற, என்று சூப்பர்வைசர் தேசப்பன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அடிக்குறிப்பு இல்ல சார். இல்லன்னா அந்தக் குறிய தூக்கிடு, பச்சை வந்துடும், நாலு மணிக்கு பேட்ச் போவணும். தூக்கினா செத்தவரு எழுந்து ஒக்காந்துக்குவாரு சார், என்று பக்கத்து மேஜையிலிருந்து திலகவதி சொன்னாள். எழுந்து ஒக்காரட்டுமே, நமக்கு இன்னா பேஜாரு, என்று அவர் டீ குடிக்க இறங்கிப் போனார். உண்மைதான், ஒரு வரியை அழித்தால் போதும், பார்சர் வாயை மூடிக்கொள்ளும்… அழிக்க விரல் போகவில்லை. கீழே கொல்கத்தா ரோட்டில் லாரி போனபோதெல்லாம் திரை லேசாக நடுங்கியது, எழுத்துகள் நீரில் கிடப்பதுபோல் இருந்தன, காலையில் மாமியின் முதுகும் இப்படித்தான் அடுப்பு வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருந்தது.

மாமி பீவி ஜான் இடியாப்பத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். காஜியாரு இன்னிக்கு மஃரிப் தொழுகைக்கு அப்பறம் வர்றாரு. மூணு வருசமாச்சிம்மா. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு, நானே கூட வந்து சொல்றேன், எம்புள்ள இல்லன்னு வெச்சிக்கினு இந்தப் பொண்ண நிக்காவுலேர்ந்து விட்டுடுங்கன்னு. பெற்றவள் சொல்கிற பேச்சா இது, வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மாமியிடம் எப்படிப் போடுவது… சாயந்திரம் சொல்றேன் மாமி என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். புருஷன் ரஃபி சவூதியில் தம்மாமிலிருந்து கடைசியாகப் பேசியபோது லைனில் குரல் தாமதமாக வந்தது, அவர் கேட்டதற்கு இவள் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்து முட்டும், சம்பளம் ஒழுங்கா வரல, வேற எடம் பாத்துக்கினு கீறேன், போயிட்டு சொல்றேன். அவ்வளவுதான். பிறகு ஏஜென்டைக் கேட்டார்கள், லீவில் வந்தவர்களை எல்லாம் கேட்டார்கள், ஒருவர் அங்கே பெரிய விபத்து ஒன்று நடந்தது என்றார், ஒருவர் ரியாத் பக்கம் அதே ஜாடையில் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். எதை நம்புவது, இன்று மாமிக்கு எதைச் சொல்வது? இவள் தலையாட்டினால் ஒரு மனிதர் இல்லாமல் போவார், ஆட்டாவிட்டால் இவள் இப்படியே இருப்பாள்.

சந்தேகமானால் ஃபைலுக்குள்ளேயே ஒரு க்வெரி வைக்கலாம், அதாவது எழுதியவரைக் கேட்டுவிடுவது, ஆபீசில் அதற்கு வழி உண்டு. குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்வியை எழுதினால் பார்சருக்கும் திருப்தி. ஜுவைரியா பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் படித்த கடித இங்கிலீஷில் நிதானமாகத் தட்டினாள், ஐயா, தங்கள் பெயருக்கு அருகிலுள்ள குறிக்கான குறிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை, அங்கே என்ன எழுதுவது என்று தாங்களே தெரிவிக்க வேண்டுகிறேன். திலகவதி எட்டிப் பார்த்தாள். இது யாருக்குப் போவும் தெரியுமா, கட்டுரைல இருக்கிற மெயிலுக்கு, அவருக்கேதான்டி, நீ செத்துட்டியான்னு அவரையே கேக்குறியா? வேற யாரைக் கேக்கறது, என்றாள் ஜுவைரியா, சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. வேறு யாரைக் கேட்பது… ஊரில் எல்லாரையும் கேட்டாயிற்று, ரஃபியைக் கேட்டோமா? முதல் வருஷம் அவர் நம்பரை அடித்தால் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்வாள், பிறகு அடிப்பதை விட்டாயிற்று, மாமியும் விட்டாள், இவளும் விட்டாள், ஏன் விட்டாள்? நம்பர் இன்னும் மனப்பாடம். பார்சரை ஓட்டினாள், பச்சை வரி வந்தது, ஃபைல் சரி, ப்ராமர் எப்படியாவது பதில் எழுதிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, யாரென்றே தெரியாத மனிதர், நண்டுகளைப் பார்த்துக்கொண்டு எந்த ஊரிலாவது நன்றாக இருக்கட்டும். சரி, இப்போது அந்த நம்பரை அடித்து, மணி போய், ரஃபியே எடுத்து ஹலோ என்றால்… அவர் போன பிறகு சேர்ந்த வேலை, விடச் சொல்வாரே. அந்த நினைப்புதான் முதலில் வந்தது. இந்த மேஜை, இந்த பஸ், திலகவதியின் கிண்டல், இதெல்லாம் போய்விடுமே என்பதுதான். சந்தோஷம் அதற்குப் பின்னால் வரும், வராமல் எங்கே போகும் என்று மௌஸ் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் ஓய்ந்தது, யாரோ ஃபேன் வேகத்தைக் கூட்டினார்கள், அது வரட்டும் என்று அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.