மொட்டைக்கு வாழ்த்து

"பொழைக்க வந்த ஊரு பாஷையக் கத்துக்கிறணும்லே. மூணு மாசமாச்சு, என்னத்தக் கத்துக்கிட்ட?"

சாந்துச் சட்டியோடு நின்ற பீகார்க்காரனிடம் கூத்தையா மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். அபிராமத்தில் அவர் கட்டும் வீட்டுக்கு அன்றைக்கு மாடி காங்கிரீட். சவூதியில், தம்மாமில் இருபத்தொரு வருஷம் இருந்துவிட்டு வந்த மனிதர். வந்ததிலிருந்து ஊருக்கே உபதேசம்தான். அங்கே அவர் கற்ற அரபி எனக்குத் தெரியும். யல்லா, ஜீப், ரூஹ். சீக்கிரம், கொண்டா, போ. இதைத் தவிர எவனும் அவரிடம் பேசவில்லை, எங்கிருந்து பாஷை வரும்? கேட்டால், "கேம்ப்பு பூரா மலையாளியும் நம்மாளும். யார்ட்ட மாப்ள அரபி பேச?" என்பார். நியாயம்தான். அந்த நியாயத்தை மட்டும் விமானத்திலேயே மறந்து விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்.

பீகார்க்காரனுக்கும் தமிழ் வரும். தூக்கு, கொண்டா, சீக்கிரம்டா. மேஸ்திரியும் மச்சானும் போட்டி போட்டுக் கற்றுக்கொடுத்தது. பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவன் 'பையா'.

அன்றைக்கு அவன் மொட்டைத் தலையோடு வந்திருந்தான். காலையிலிருந்தே "டிரெயின், டிரெயின்" என்று கையை ஆட்டினான்.

"உத்தரகோசமங்கையில மொட்டையாடா? பிரசாதம் எங்கடா?" மச்சான் அந்தத் தலையில் தட்டினார். "டிரெயினுக்கு என்ன அவசரம், காங்கிரீட்டு முடியட்டும்."

மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்துவிட்டுச் சட்டியைத் தூக்கினான்.

பதினோரு மணிக்கு என் அக்கா செவ்வந்தி, மச்சானின் மனைவி, டீ கொண்டுவந்தாள். அவன் தம்ளரை வாங்காமல் போனை நீட்டினான். மூங்கில் பாடையில் ஒரு கிழவர், மூக்கில் பஞ்சு. அவன் தன் நெஞ்சைத் தொட்டு "பாபு" என்றான். அப்பா. பிறகு "ராம்நாட் டிரெயின்" என்று மூன்று விரலைக் காட்டினான். மூன்று மணி.

அக்கா டீத்தட்டை ஜல்லிமேல் வைத்தாள்.

"இங்கன வாங்க. ஒங்க அய்யா செத்தப்ப தம்மாம்ல மொட்டையடிச்சுக்கிட்டு வேலைக்குப் போனீகள்ல. அந்த அரபி சூப்பர்வைசரு என்ன சொன்னான்?"

"விடு செவ்வந்தி. இப்ப எதுக்கு அது..."

"மக்காவுக்குப் போயி மொட்டையடிச்சு உம்ரா முடிச்சுட்டு வாரியா, மப்ரூக்குன்னு கை குடுத்தானாம்டா தம்பி. வாழ்த்து சொன்னானாம்! லீவு கேக்கத் தெரியாம இவுகளும் கையக் குடுத்துட்டு வந்து, போன்ல எங்கிட்ட அழுதாக. கொள்ளையில போவான்னு அவன அந்த வசவு வஞ்சீகளே, இப்ப யார வையணும்?"

மச்சான் போய் மிக்சர் மிஷினை நிறுத்தினார். மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். "கலவை எங்கய்யா? போட்டது இறுகிரும்!"

தன்னால்தான் ஏதோ தப்பு என்று நினைத்தானோ என்னவோ, பீகார்க்காரன் போனைப் பையில் திணித்துவிட்டுச் சட்டியை அவசரமாகத் தூக்கினான். மச்சான் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேலை ஏவாமல் பேசுகிற ஒரு சொல் அவரிடம் அரபியில் இல்லை, இந்தியில் இல்லை. தமிழில் இருந்ததை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் பயந்துபோய்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான். இவர் விடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சட்டி ஆட, சிமென்ட்பால் வழிந்து நாலு கால்களிலும் சொட்டிக்கொண்டிருந்தது.